பாரம் என்ற சொல்



மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் செவிலியர்களும் தமிழாசிரியர்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாவைப் பற்றிப் பேசுவது நம் ஊரில் அரிது. இக்கருத்தரங்கைக் கூட்டியவர்களுக்கு என் நன்றி.

அழைப்பிதழில் 'கருணைக்கொலை' என்று அச்சாகியிருக்கிறது. அந்தச் சொல்லோடு எனக்கு வழக்கு உண்டு. மூன்று வெவ்வேறு செயல்களை அது ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. இனிப் பிழைக்க வழியில்லாதவரின் வென்டிலேட்டரை எடுத்துவிடுவது ஒன்று. நோயாளி தானே குடித்து உயிர்விட மருத்துவர் மருந்து எழுதிக் கொடுப்பது இன்னொன்று. மருத்துவரே ஊசி போடுவது மூன்றாவது. அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் 1997 முதல் இரண்டாவது மட்டும் நடைமுறையில் இருக்கிறது. நெதர்லாந்து 2002 முதல் பின்னிரண்டையும் அனுமதிக்கிறது. பிரிட்டன் மக்களவை 2025 ஜூன் 20-இல் இரண்டாவதற்கு 314-க்கு 291 என்ற கணக்கில் ஆதரவு தந்தது. நம் நாட்டில் முதலாவதற்கு மட்டுமே இடம். மற்ற இரண்டும் குற்றம். கட்டுரை வாசிப்பவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அந்த முதலாவதற்கு வழி திறந்தது ஒரு செவிலியரின் வழக்கு. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் பணிபுரிந்த அருணா ஷான்பாக், 1973-இல் அங்கேயே தாக்கப்பட்டு மூளை சிதைந்து, 2015-இல் இறக்கும்வரை படுக்கையில் கிடந்தார். ஏறத்தாழ 42 ஆண்டுகள். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்த வேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த மனுவை, 2011 மார்ச் 7-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அருணாவுக்காகப் பேசும் உரிமை, அத்தனை ஆண்டும் அவரைக் குளிப்பாட்டி ஊட்டிய மருத்துவமனை ஊழியர்களுக்கே என்றது. அவர் உடம்பில் ஒரு படுக்கைப்புண்கூட இல்லை என்பதும் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. சட்ட மாணவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் அங்கேயே நின்றுவிடுவேன். அதே தீர்ப்புதான், உயர் நீதிமன்ற அனுமதியோடு சிகிச்சையை நிறுத்தலாம் என்றும் சொன்னது. 2018 மார்ச் 9-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு கண்ணியமாக இறப்பதை அடிப்படை உரிமையின் பகுதியாக ஏற்று, முன்கூட்டியே விருப்ப ஆவணம் எழுதிவைக்கவும் இடம் தந்தது. அதற்கு வகுத்த நடைமுறை யாரும் ஏறமுடியாத படிக்கட்டாக இருந்ததால், 2023 ஜனவரியில் நீதிமன்றமே அதை எளிதாக்கியது.

ஆனால் நம் மருத்துவமனைகளில் உயிர்காப்புக் கருவிகள் பெரும்பாலும் எந்த ஆவணத்தின் பேரிலும் அகற்றப்படுவதில்லை. "எழுதிக் கொடுத்துட்டுக் கூட்டிட்டுப் போறோம்" என்ற ஒரு வாக்கியத்தில் அகற்றப்படுகின்றன. நிலத்தை விற்று, நகையை வைத்து, ஐசியூ வாசலில் பத்து நாள் படுத்துக் கிடந்த மகன் கையெழுத்துப் போடுகிறான். ஆம்புலன்சில் ஊர் போய்ச் சேர்வதற்குள் மூச்சு நிற்கிறது. நோயாளியின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. வலிக்கு மருந்தும் கொடுத்தனுப்பவில்லை. ஓப்பியம் பயிரிடச் சட்டமே அனுமதிக்கும் நாடு இது. ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்கு அஞ்சி மருத்துவமனைகள் அந்த ஓப்பியத்திலிருந்து கிடைக்கும் வலிமருந்தான மார்ஃபினை வைத்துக்கொள்ளவே தயங்கின. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டும் அந்த அச்சம் முழுதாக விலகவில்லை. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் கேரளத்தில் வீடுவரை சென்று செய்யும் பணி இன்றும் நம் பல மாவட்டங்களுக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது.

வலியைத் தீர்த்தால் சாவைக் கேட்க மாட்டார்கள் என்று பல ஆண்டுகள் நானும் நம்பினேன். ஆனால் ஆரகனில் உயிர்விட மருந்து கேட்பவர்கள் சொல்லும் காரணங்களில் வலி முதலிடத்தில் இல்லை. தன் வாழ்க்கை தன் கையில் இல்லாமல் போவதும், விரும்பியதைச் செய்ய முடியாததும், கண்ணியம் குலைவதும் முன்னே நிற்கின்றன. பிறருக்குப் பாரமாகிவிடுவோம் என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. இந்தச் சொல் நமக்குப் புதிதல்ல. "கையும் காலும் நல்லா இருக்கும்போதே போய்ச் சேரணும், யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது" என்று சொல்லாத கிழவி எந்தத் தெருவில் இருக்கிறாள்? அது அவள் விருப்பமா, நாம் அவள் காதில் ஓதியதா? தென் மாவட்டங்களில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முதியவரை அனுப்பிவைக்கும் தலைக்கூத்தலுக்கும் கருணை என்றே பெயர் சொல்லப்பட்டது.

வடக்கிருத்தலை முன்மாதிரியாகக் காட்ட இங்கே சிலர் வரக்கூடும். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டை நானும் நின்று பார்த்திருக்கிறேன். அது துறவியின் நோன்பு. மருத்துவக் கட்டணம் பார்த்து மிரண்ட குடும்பத்தலைவரின் முடிவுக்கு அதைச் சான்றாக்குவது இருவருக்கும் நியாயமாகாது.

தொண்டைப் புற்றுநோயோடு என்னிடம் வந்த ஒரு நெசவாளர் "ஒரு ஊசி போட்டு முடிச்சுடுங்க" என்றார். மார்ஃபின் கொடுத்தோம், வலி அடங்கியது. மறுபடியும் கேட்டார். "வலி இல்ல டாக்டர். மக ராத்திரி பூரா முழிச்சிருக்கு." இரவில் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை ஏற்பாடு செய்தோம். அதன்பின் அவர் கேட்கவில்லை. அவரால்தான், சாவுக்குத் துணைநிற்கும் சட்டம் இன்றைய நிலையில் இங்கே வேண்டாம் என்கிறேன். ஆனால் மோட்டார் நியூரான் நோயால் விழிகள் மட்டும் அசைய, எழுத்துப் பலகையில் ஒவ்வோர் எழுத்தாகக் காட்டி அந்த ஊசியையே கேட்ட ஒரு பேராசிரியையும் இருந்தார். வலி இல்லை, பணமுடை இல்லை, அன்புக்குக் குறைவில்லை. கடைசி வாரம்வரை கேட்டார். அவருக்குச் சொல்ல அன்றும் என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. மாற்றுக் கருத்துடையவர்கள் அவரை மனத்தில் வைத்து என்னோடு வாதிட வேண்டும்.

பின்வரிசை மேசையில் விருப்ப ஆவணப் படிவங்கள் தமிழில் இருக்கின்றன. இரண்டு சாட்சிகளும் ஒரு நோட்டரியும் போதும். நோட்டரி நாளை மதியம் வருகிறார். நான் என்னுடையதை இன்னும் எழுதவில்லை. என் மகளை நாளை வரச் சொல்லியிருக்கிறேன்.