வீட்டில் சிக்கனம்: எதை மறுபடி உபயோகிக்கலாம், எதைக் கூடாது?

(கிளையின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சிக்கனத்தைப் பற்றி நம் அகங்களில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பழைய ஒன்பது கஜம் புடவை முதலில் குழந்தைக்குத் தூளியாகும், பிறகு படுக்கை விரிப்பாகும், கடைசியில் அடுப்படிக் கரித்துணியாகும். நைந்த வேஷ்டியில் வடாம் பிழிவோம். அரிசி களைந்த நீர் கழுநீர்த் தொட்டிக்குப் போய் மாட்டுக்கு ஆகாரமாகும். மறுசுழற்சி என்ற வார்த்தை வருவதற்கு முன்பே அந்தக் காரியம் நம்மிடம் இருந்தது.

இன்று நம்மில் பலர் பென்ஷனையும் வங்கி வட்டியையும் நம்பி, அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு பேராக இருக்கிறோம். மிச்சம் பிடிக்க வேண்டிய அவசியம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. ஆனால் பொருட்கள் மாறிவிட்டன. பருத்தியும் பித்தளையும் இருந்த இடத்தில் பிளாஸ்டிக்கும் பாட்டரியும் வந்துவிட்டன. ஆகவே பழைய பழக்கத்தோடு கொஞ்சம் விஞ்ஞானமும் வேண்டும். இல்லாவிட்டால் மிச்சம் பிடித்த காசு வைத்தியரிடம் போய்ச் சேரும். நான் வேதியியல் படித்தவன் என்பதால் அந்தக் கண்ணோடு சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்கள் பல, ஒரு லிட்டர் குடிநீர் தருவதற்குச் சுமார் மூன்று லிட்டரை வெளியே தள்ளுகின்றன. தினம் 10 லிட்டர் எடுத்தால் 30 லிட்டர் வீண். மாதத்துக்கு 900 லிட்டர். டாங்கர் தண்ணீர் வாங்கும் நகரங்களில் இது காசு. 2024 மார்ச்சில் பெங்களூரில், குடிநீரைக் கொண்டு காரைக் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது நினைவிருக்கும். அந்தக் கழிவுக் குழாயின் அடியில் ஒரு வாளியை வையுங்கள். தரை துடைக்க, கழிவறைக்கு, பாத்திரத்தை முதல் தடவை அலம்ப அது போதும். துளசிக்கு மட்டும் அதையே தினமும் ஊற்றாதீர்கள். குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. செடிக்கு அரிசி களைந்த நீரே நல்லது. அன்றன்றே ஊற்றிவிட வேண்டும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரும் செடிக்கு ஆகும். ஆனால் அதை இன்வெர்ட்டர் பாட்டரியில் விடக் கூடாது. தூசியும் உலோகத் துகளும் கலந்திருக்கும்.

அடுத்தது அடுக்களைக் குப்பை. துளையிட்ட இரண்டு பழைய வாளிகள் போதும். காய்கறித் தோல், சுவாமி நிர்மால்யப் பூ, டிகாஷன் இறங்கிய காப்பிச் சக்கை எல்லாவற்றையும் போட்டு, ஒவ்வொரு தடவையும் மேலே காய்ந்த இலையைத் தூவுங்கள். ஈரக் குப்பையில் நைட்ரஜன் அதிகம்; சருகில் கரி அதிகம். இரண்டும் சேர்ந்தால்தான் நாற்றமில்லாமல் மக்கும். நாற்றம் வந்தால் சருகு குறைவு என்று அர்த்தம். காப்பிச் சக்கையை மொத்தமாகக் கொட்டினால் கெட்டியாக ஒட்டிக்கொண்டு காற்றுப் புகாது. பரவலாகக் கலக்க வேண்டும். ஒரு வாளி நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்கினால், சுமார் இரண்டு மாதத்தில் உரம் தயார்.

இனி, கூடாதவை. கோகுலாஷ்டமிக்கும் தீபாவளிக்கும் பட்சணம் செய்த எண்ணெயைக் கொட்ட மனசு வராது. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து, போலார் சேர்மங்கள் என்பவை பெருகுகின்றன. இவை 25 சதவிகிதத்துக்கு மேல் போன எண்ணெயை உபயோகிக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. வீட்டில் அளந்து பார்க்க முடியாது. அதனால் சின்ன வாணலியில் குறைவாக எண்ணெய் வையுங்கள். மிஞ்சியதை வடிகட்டி ஓரிரு நாளில் தாளிக்கத் தீர்த்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வேண்டாம். கறுத்து, நுரைத்து, பிசுக்கென்று ஆனால் கண்டிப்பாகக் கூடாது. அதைத் தொட்டியிலும் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.

பஜ்ஜியையும் வடையையும் செய்தித்தாளில் போட்டு எண்ணெய் வடிப்பதும் நம்மிடம் ஊறிய பழக்கம். அச்சு மையில் உள்ள ரசாயனங்களைச் சூடான எண்ணெய் இழுத்துக்கொள்ளும். உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2016-லும் 2023-லும் இதைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. வடிதட்டு இருக்கிறது, பேப்பரைப் பழைய பேப்பர்காரருக்குப் போடலாம். அதேபோல் குளிர்பானம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீரோ ரசமோ ஊற்றாதீர்கள். கண்ணாடி பாட்டில்களில் பருப்பும் ஊறுகாயும் வைக்கலாம், பல வருஷம் உழைக்கும். பழைய அலுமினியப் பாத்திரத்தை எடைக்குப் போடத் தயங்க வேண்டாம். தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதைவிட, உருக்கி மறுபடி வார்க்க ஆகும் சக்தி சுமார் 95 சதவிகிதம் குறைவு. தீர்ந்த பாட்டரி, பாதரசம் உள்ள பழைய சி.எஃப்.எல். விளக்கு ஆகியவற்றைக் குப்பையோடு கலக்காமல் தனியாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, பரணைப் பற்றி ஒரு வார்த்தை. மறுபடி உபயோகிக்கிறேன் என்று சேர்த்து வைப்பது வேறு, உபயோகிப்பது வேறு. முட்டி ஆபரேஷனுக்கு வாங்கிய வாக்கர் இரண்டு மாதம் உழைத்துவிட்டுப் பரணில் தூங்குகிறது. சக்கர நாற்காலியும் அப்படித்தான். அதே சமயம், அடுத்த தெருவில் இருக்கும் நம் அன்பர் ஒருவர் புதிதாக வாங்க ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார். ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, யாரிடம் என்ன இருக்கிறது என்று எழுதி வைத்தால் போதும். வாக்கர், கட்டில், கூடுதலாக இருக்கும் கொலுப் படி, பேரக் குழந்தைகளின் பாடப் புத்தகம் என எல்லாம் கை மாறலாம். என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் 2023 முதல் வகுப்பு வகுப்பாக மாறி வருவதால், எந்தப் பதிப்பு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனி ஆளாக நாம் மிச்சம் பிடிப்பது நூறு, இருநூறு. சேர்ந்து செய்தால் ஒரு குடும்பத்தின் ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு பகுதியே குறையும். இந்த நோட்டுப் புத்தகத்தை அடுத்த கூட்டத்துக்கு முன் நம் கிளையில் ஆரம்பித்துவிட வேண்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.