முள்ளை எந்திரம் அள்ளட்டும், சாவி நம்மிடம் இருக்கட்டும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எளாவூரில் தரிசு எது என்று கேட்டால் வேலிக்காத்தான் மண்டின இடத்தைத்தான் கை காட்டுவோம். சீமைக் கருவேலம் என்று அரசாங்கம் சொல்வது இதைத்தான். அடுப்புக்கும் கரிக்கும் உதவின மரம், கடைசியில் நிலத்தையே விழுங்கிடுச்சு. இந்த மாதிரி அயல் மரங்களை அகற்ற 2022-இல் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது.

வெட்டினால் மட்டும் போதாது. அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுக்கணும். அதுவும் காய் பழுத்து விழுறதுக்கு முன்னாடி எடுக்கணும். ஆடு மாடு காயைத் தின்றால் சாணத்தோடு விதை ஊரெல்லாம் போகும்.

பெரிய மரத்தை ஜேசிபி பிடுங்கிடும். கிடக்கிற முள்ளை ஒதுக்குவது நம் தலையில் விழும். செருப்பைத் துளைத்துக் காலில் ஏறுகிற முள் அது. மினி டிராக்டரில் லோடர் பொருத்தி, அதன் முனையில் கிராப்பிள் என்ற இரும்புப் பிடியை மாட்டலாம். நண்டுக் கொடுக்கு மாதிரி முள்ளைக் கவ்வித் தூக்கும். மண் பல் இடுக்கில் உதிர்ந்து நிலத்திலேயே தங்கும். வாளியால் வாரினால் மேல்மண்ணும் சேர்ந்து போயிடும்.

ஜாக்கிரதையும் வேணும். வண்டிக்குப் பின்னால் எடை கட்டாவிட்டால் பின்சக்கரம் தூக்கிடும். சுமையைத் தாழ்வாகப் பிடித்தே ஓட்டணும். தூக்கின பிடிக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது. மேலே மின்கம்பி இருக்கா என்று பார்க்கணும்.

“எந்திரம் வந்தா நம்ம கூலி போயிடாதா?” என்று ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்வி. இந்தப் பயத்தால்தான் 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் ஆள் வேலையைப் பறிக்கும் எந்திரங்களை ஒதுக்கி வைத்தது. முள் அள்ளும் கூலி குறையும். அதை மறைக்க வேண்டாம். ஆனால் எந்திரம் வெளியாள் கையில் இருந்தால் கூலியும் போகும், வாடகையும் போகும். நம் கையில் இருந்தால் வாடகை குழுக் கணக்கில் ஏறும், ஓட்டுகிற வேலை நம் பெண்ணுக்கு வரும். விறகு விற்கலாம், திருத்தின நிலத்தில் தீவனப்புல்லோ காய்கறியோ போடலாம்.

உடனே கடன் வாங்கச் சொல்லவில்லை. முதலில் ஒரு பருவம் வாடகைக்கு எடுப்போம். எத்தனை மணி நேரம் ஓடியது, டீசல் எவ்வளவு, வரவு எவ்வளவு என்று நோட்டில் எழுதுவோம். புறம்போக்கு என்றால் அனுமதி வாங்கின பிறகே கை வைப்போம். கணக்கு கட்டி வந்தால் தீர்மானம் போடுவோம். ஓட்டப் பழக இரண்டு பேர் இன்றைக்கே பெயர் கொடுங்கள்.