கார் விற்கும்போது ரொக்கம் வாங்கலாமா?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், பி பிளாக்கில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



செயலாளர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு விஷயம்தான். பழைய காரை விற்க வேண்டும் என்றால் இப்போதெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் படம் போடுகிறோம். இரண்டு நாளில் திண்டிவனத்திலிருந்தோ செஞ்சியிலிருந்தோ ஆள் வந்து பார்க்கிறார். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறார். விலை படிகிறது. உடனே, "முழுப் பணமும் ரொக்கமாவே தந்துடறேன் சார், சாவியைக் கொடுங்க" என்கிறார். வாங்கலாமா, கூடாதா? இதைப் பற்றிப் பேசச் சொன்னார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால் ரொக்கமாக வாங்காதீர்கள். பணம் கொண்டு வருபவர் நல்லவராகவே இருந்தாலும் வாங்காதீர்கள். ஏனென்றால் பிரச்சினை வந்தால், சட்டம் கேள்வி கேட்பது கொடுத்தவரை அல்ல, வாங்கியவரை. அதாவது உங்களை.

சட்டம் என்ன சொல்கிறது?

2017-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் ஒரு புதிய பிரிவு வந்தது. வருமான வரிச் சட்டம் 1961-இல் 269எஸ்டி என்று அதற்குப் பெயர். முதலில் 3 லட்சம் என்று முன்மொழிந்தார்கள். நாடாளுமன்றத்தில் நிறைவேறும்போது அதை 2 லட்சமாகக் குறைத்தார்கள். 2017 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் வந்துள்ள புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் மாறினாலும், இந்த 2 லட்சம் வரம்பு அப்படியேதான் இருக்கிறது.

இதன்படி 2 லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட தொகையை மூன்று விதங்களில் ரொக்கமாக வாங்கக் கூடாது. ஒன்று, ஒரே ஆளிடமிருந்து ஒரே நாளில். இரண்டு, ஒரே பரிவர்த்தனைக்காக. மூன்று, ஒருவரிடமிருந்து ஒரே நிகழ்ச்சி தொடர்பாக. கார் விற்பவர்களுக்கு இரண்டாவதுதான் முக்கியம். "இன்னிக்கு 1 லட்சத்து 90 ஆயிரம், நாளைக்கு 1 லட்சத்து 90 ஆயிரம்னு பிரிச்சு வாங்கிக்குங்க" என்று புரோக்கர் யோசனை சொல்வார். தேதி வேறாக இருக்கலாம், கார் ஒன்றுதானே? ஒரே காருக்கு எத்தனை தவணையாக வாங்கினாலும், ரொக்கம் கூட்டுத்தொகையில் 2 லட்சத்தைத் தொட்டால் விதிமீறல்தான். பாதியை உங்கள் கையிலும் பாதியை உங்கள் வீட்டுக்காரம்மா கையிலும் கொடுத்தாலும் இதே கதைதான். வாங்குபவர் சொந்த மச்சானாக இருந்தாலும் விலக்கு கிடையாது.

மீறினால் அபராதம் எவ்வளவு? எவ்வளவு ரொக்கம் வாங்கினீர்களோ அவ்வளவு. உதாரணத்துக்கு, உங்கள் காரை 5 லட்சத்து 40 ஆயிரத்துக்கு விற்று, முழுவதும் ரொக்கமாக வாங்கினால், 5 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். காரும் போய்விட்டது, கார் விற்ற பணமும் போய்விட்டது. நியாயமான, போதுமான காரணம் காட்டினால் விட்டுவிடவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் "வாங்குனவர் ரொக்கமாத்தான் தருவேன்னாரு" என்பதைப் போதுமான காரணமாக ஏற்பார்கள் என்று நம்பி இருக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பலர் ரொக்கம் கேட்பதற்குக் காரணம், பேங்கில் வந்தால் வரி கட்ட வேண்டும் என்ற பயம். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த கார், மூலதனச் சொத்துக் கணக்கிலேயே வராது. அதை விற்பதற்கு மூலதன ஆதாய வரி கிடையாது. தொழில் கணக்கில் தேய்மானம் காட்டிய கார் என்றால்தான் ஆடிட்டரைக் கேட்க வேண்டும். ஆக, இல்லாத வரிக்குப் பயந்து, இருக்கிற அபராதத்தில் போய் மாட்டிக்கொள்கிறோம்.

"யாருக்குத் தெரியப் போகிறது?"

இதுதான் அடுத்து வரும் கேள்வி. முதலில் உங்கள் வங்கிக்குத் தெரியும். ஒரு நிதியாண்டில் சேமிப்புக் கணக்கில் மொத்தமாக 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கட்டினால், வங்கி அதை வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கும். கார் பணத்தோடு வேறு பணமும் அந்த ஆண்டு சேர்ந்தால் அந்த அளவை எளிதில் தாண்டிவிடலாம்.

இரண்டாவது வழி, வழக்கு. பெங்களூரில் ஆர்.பி.ஏ.என்.எம்.எஸ். கல்வி நிறுவனத்தின் சொத்து தொடர்பாக ஒரு வழக்கு. அந்தச் சொத்தை வாங்க 2018-இல் ஒப்பந்தம் போட்டு 75 லட்சம் ரூபாய் ரொக்கமாக முன்பணம் கொடுத்ததாக ஒரு தரப்பு சொன்னது. 2025 ஏப்ரல் 16 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. மனுவை நிராகரித்ததோடு உச்ச நீதிமன்றம் நிற்கவில்லை. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுத்ததாக எந்த வழக்கு வந்தாலும், அந்தப் பகுதி வருமான வரித்துறைக்கு நீதிமன்றமே தகவல் அனுப்ப வேண்டும் என்று உத்தரவிட்டது. பத்திரப்பதிவு அலுவலகங்களுக்கும் இதே கடமை உண்டு என்றது.

அது நிலம் சம்பந்தப்பட்ட வழக்கு, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். நாளைக்கே உங்கள் காரை வாங்கியவர், இன்ஜினில் கோளாறு, பணத்தைத் திருப்பிக் கொடு என்று வழக்குப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனுவில் "5,40,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தேன்" என்று எழுதுவார். வழக்கில் நீங்கள் ஜெயித்தாலும் அந்த ஒரு வரிக்கு வருமான வரித்துறையில் போய்ப் பதில் சொல்ல வேண்டும்.

நோட்டும் ஒரு பிரச்சினை

5 லட்சத்து 40 ஆயிரம் என்றால் 500 ரூபாய்த் தாளில் 1,080 தாள். பத்துக் கட்டும் மேலே எண்பது தாளும். வரவேற்பறையில் ஆள் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொரு தாளாக நீங்கள் பார்க்கப் போவதில்லை. எண்ணிக்கை சரியா என்றுதான் பார்ப்பீர்கள்.

மறுநாள் வங்கியில் கட்டும்போது கள்ளநோட்டு இருந்தால் என்ன நடக்கும்? கேஷியர் அதைத் திருப்பித் தர மாட்டார். முத்திரை குத்தி எடுத்து வைத்துக்கொண்டு ஒரு ரசீது தருவார். அந்தத் தாளுக்கு ஒரு பைசாகூட உங்கள் கணக்கில் ஏறாது. ஒரே முறை கட்டும் பணத்தில் நான்கு தாள் வரை இருந்தால், வங்கி மாதக் கடைசியில் சேர்த்துப் போலீஸுக்குத் தெரிவிக்கும். ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் உடனே போலீஸுக்கு எழுத வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கள்ளநோட்டு என்று தெரிந்து வைத்திருந்தால்தான் குற்றம் என்பது உண்மைதான். ஆனால் உங்களுக்குத் தெரியாது என்பதை நிலையத்தில் உட்கார்ந்து விளக்க வேண்டியவர் நீங்கள். அதற்குள் காரை வாங்கியவர் போனை எடுப்பாரா என்பது வேறு விஷயம்.

2 லட்சத்துக்குக் குறைவாக, இரு சக்கர வாகனமோ பழைய காரோ விற்று ரொக்கம் வாங்குகிறவர்களும் இதைக் கவனியுங்கள். 500 ரூபாய்த் தாளைச் சாய்த்துப் பார்த்தால் பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக மாறும். வலது கீழ்ப்பக்கம் உள்ள 500 என்ற எண்ணும் அப்படியே மாறும். காந்தி படமும் ஓரங்களில் உள்ள ஐந்து கோடுகளும் விரலில் தடவினால் மேடாகத் தெரியும். இதையெல்லாம்விட எளிய வழி, வாங்குபவரை உங்கள் வங்கிக்கே அழைத்துப் போய், அவர் கண் முன்னாலேயே கேஷியரை எண்ண விடுவது.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு காரணம்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு வர வேண்டுமென்றால் விக்கிரவாண்டி வழியாகத்தான் வர வேண்டும். அந்த விக்கிரவாண்டியில் 2019 அக்டோபர் 21-லும் 2024 ஜூலை 10-லும் இடைத்தேர்தல் நடந்தது. இடையில் பொதுத்தேர்தல்கள் வேறு. தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும்போது, 50 ஆயிரத்துக்கு மேல் ஆவணமில்லாத பணத்தைப் பறக்கும் படை எடுத்துக்கொள்ளும். 10 லட்சத்துக்கு மேல் என்றால் வருமான வரித்துறைக்கும் தகவல் போகும். கட்சிக்குச் சம்பந்தமில்லாத பணம் என்று நிரூபித்தால் மாவட்டக் குழு திருப்பித் தரும். ஆனால் அதற்கு அலைய வேண்டும். கார் விற்ற பணம்தான் என்று காட்ட அப்போது உங்கள் கையில் என்ன காகிதம் இருக்கும்?

ரொக்கம் கொண்டு வருபவர் எல்லோரும் கறுப்புப் பணக்காரர் என்று நான் சொல்லவில்லை. மார்க்கெட் கமிட்டியில் மணிலா போட்டவர், சீட்டு எடுத்தவர், கடை வைத்திருப்பவர் என்று நம் ஊரில் நியாயமான பணமும் கட்டுக்கட்டாகத்தான் புழங்குகிறது. நியாயமான பணம் என்றால் அவர் தன் கணக்கில் கட்ட என்ன தயக்கம்? அதனால் மரியாதையாகவே சொல்லுங்கள்: "அண்ணே, பணத்தை உங்க அக்கவுண்ட்டில் கட்டி எனக்கு மாத்தி விடுங்க. நானும் கூடவே பேங்குக்கு வரேன்." பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாதவரிடம் கார் போகாமல் இருப்பதே நல்லது.

பணத்தை அவர் நேரடியாக உங்கள் கணக்கில் ரொக்கமாகக் கட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள். சட்டம் ஒத்துக்கொள்வது கணக்கில் மட்டும் வரவாகும் குறுக்குக் கோடிட்ட காசோலை, வரைவோலை, மின்னணுப் பரிமாற்றம் ஆகியவற்றைத்தான். சலான் எழுதிக் கட்டிய ரொக்கம், ரொக்கம்தான் என்று வாதம் வரும்.

எப்படிச் செய்வது?

போனில் விலை பேசும்போதே "பேங்க் மூலமாகத்தான்" என்று சொல்லிவிடுங்கள். முன்பணத்தை யுபிஐ-யில் வாங்குங்கள்.

மீதிப் பணத்துக்கு ஆர்டிஜிஎஸ் இருக்கிறது. 2 லட்சமும் அதற்கு மேலும் அனுப்புவதற்கென்றே உள்ள முறை அது. "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, பேங்க் லீவு" என்ற பேச்சு இனி செல்லாது. என்இஎஃப்டி 2019 டிசம்பர் முதலும், ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் முதலும் எல்லா நாளும் எல்லா நேரமும் இயங்குகின்றன.

அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையும் உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ்ஸையும் நம்பாதீர்கள். உங்கள் வங்கிச் செயலியிலோ பாஸ்புக்கிலோ வரவாகிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுக்க வேண்டும்.

ஆர்சி மாற்றுவதை வாங்குபவர் தலையில் கட்டிவிட்டு இருந்துவிடாதீர்கள். படிவம் 29-ஐ 14 நாளுக்குள் கொடுக்க வேண்டியது விற்பவர் கடமை. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடவே கூடாது. கார் லோன் இருந்திருந்தால் படிவம் 35-ம் கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்றும் வேண்டும். டிஎன் 32 வண்டி டிஎன் 16-க்குப் போவது ஒரு மாநிலத்துக்குள் நடப்பது. புதுச்சேரிக்காரர் வாங்கினால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்றும் வாங்க வேண்டும்.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. 2007-இல் விற்று, பல கை மாறிய கார் 2009-இல் விபத்தில் சிக்கி உயிர்ப்பலி ஆனது. ஆர்சியில் பெயர் மாறாததால், முதலில் விற்றவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்றது நீதிமன்றம். ரொக்கம் வாங்கிக்கொண்டு, ரசீதும் இல்லாமல், பெயரும் மாற்றாமல் விட்டால், காரை விற்றீர்கள் என்பதற்கே உங்களிடம் சாட்சி இருக்காது. வங்கிப் பரிமாற்றம் என்றால் தேதி, தொகை, அனுப்பியவர் பெயர் எல்லாம் தானாகவே பதிவாகிவிடும். அந்தக் காகிதம்தான் உங்கள் காவல்.

டெலிவரி ரசீதில் நாள், மணி, நிமிடம், கிலோமீட்டர் அளவு, பணம் வந்த பரிமாற்ற எண் எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வாங்குபவரின் அடையாள அட்டை நகலும் இருக்கட்டும். அன்றைக்கே ஃபாஸ்டேக்கை ரத்து செய்யுங்கள். இல்லாவிட்டால் அவர் டோல்கேட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் உங்கள் பணம் போகும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். டெலிவரி ரசீதின் மாதிரிப் படிவம் ஒன்றைத் தமிழில் தயாரித்து, சங்க அலுவலகத்தில் வைக்குமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். வங்கிக்குப் போகும்போது துணைக்கு ஆள் வேண்டும் என்று நினைக்கும் பெரியவர்கள், தனியாக இருக்கும் அம்மாக்கள், தயங்காமல் சங்கத்தில் சொல்லுங்கள். நானும் வருகிறேன், முப்பது வருடம் போய்வந்த இடம்தானே.