விளக்கடியில் வந்த பூச்சி எது?



மாலையில் விளக்கு ஏற்றுகிறோம். சுற்றிப் பூச்சிகள் வந்து மொய்க்கின்றன. துடைப்பத்தால் அடித்துத் தள்ளுகிறோம். அது என்ன பூச்சி? நல்லதா, கெட்டதா? யாரும் கேட்பதில்லை. இன்று அதைக் கேட்போம்.

விளக்குக்கு வரும் பூச்சிகளில் அந்துப்பூச்சிகள் முக்கியமானவை. பார்க்க வண்ணத்துப்பூச்சி போலவே இருக்கும். எப்படிப் பிரித்து அறிவது? வண்ணத்துப்பூச்சியின் மீசை நுனி குமிழ் போலத் தடித்திருக்கும். அந்துப்பூச்சியின் மீசை நூல் போலவோ இறகு போலவோ இருக்கும். உட்காரும்போது வண்ணத்துப்பூச்சி பெரும்பாலும் இறக்கைகளை மேலே சேர்த்து மூடும். அந்துப்பூச்சி பெரும்பாலும் தட்டையாக விரிக்கும், அல்லது கூரை போலச் சாய்த்து வைக்கும்.

இந்தியாவில் வண்ணத்துப்பூச்சி வகைகள் 1,300க்கு மேல் உண்டு. அந்துப்பூச்சி வகைகளோ சுமார் 10,000!

இவற்றில் நமக்கு வேண்டியவை உண்டு. பட்டு தரும் பூச்சியும் ஓர் அந்துப்பூச்சிதான். அசாமில் பொன் நிற முகா பட்டு கிடைக்கிறது. ஜார்க்கண்டில் பழங்குடி மக்கள் மருத மரங்களில் புழு வளர்த்து டசர் பட்டு எடுக்கிறார்கள். இரவில் பூக்கும் பூக்கள் பல காய்ப்பதற்கும் அந்துப்பூச்சிகள் உதவுகின்றன.

நம்மைக் கெடுப்பவையும் உண்டு. 2018ஆம் ஆண்டு கர்நாடகத்தில் மக்காச்சோள வயல்களில் ஒரு புதிய புழு தென்பட்டது. அதுதான் படைப்புழு. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த அந்துப்பூச்சியின் புழு அது. விரைவில் பல மாநிலங்களுக்கும் பரவியது.

அதை எப்படி அறிவது? புழுவின் தலையைப் பாருங்கள். கவட்டைக் குச்சியைத் தலைகீழாக வைத்தது போல வெளிறிய கோடு இருக்கும். வால் பக்கம் பாருங்கள். நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக இருக்கும். இரண்டும் இருந்தால் உடனே வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள். இலையில் முட்டைக் குவியல் கண்டால் நசுக்கி விடுங்கள். புழு இன்னதென்று தெரியாமல் மருந்து அடித்தால் பணம் வீண். நல்ல பூச்சிகளும் சாகும்.

எல்லாப் பூச்சியையும் ஒருவரே அறிய முடியுமா? முடியாது. அதற்காகவே நாடு முழுவதும் அந்துப்பூச்சி ஆர்வலர்கள் கூடி வேலை செய்கிறார்கள். இருட்டான இடத்தில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுகிறார்கள். அதன் முன் விளக்கு வைக்கிறார்கள். துணியில் வந்து அமரும் பூச்சிகளைப் படம் எடுக்கிறார்கள். பிறகு விளக்கை அணைத்து, பூச்சிகளைப் போக விடுகிறார்கள். 2012 முதல் ஆண்டுதோறும் ஜூலை மாதக் கடைசியில் அந்துப்பூச்சி வாரம் நடக்கிறது. பல நாட்டு மக்கள் அதில் சேருகிறார்கள். நம் நாட்டவரும் சேருகிறார்கள்.

படத்தை, தெரிந்தவர்களுக்குச் செல்பேசியில் அனுப்பிப் பெயர் கேட்கலாம். எப்படிக் கேட்பது?

மேலிருந்து ஒரு படம், பக்கத்திலிருந்து ஒரு படம் எடுங்கள். அளவு தெரிய அருகில் ஒரு நாணயம் வையுங்கள். ஊர், தேதி, நேரம் எழுதுங்கள். புழுவானால் எந்தச் செடியைத் தின்றது என்றும் எழுதுங்கள். இந்த ஒரு வரி பெரிய உதவி. ஏனென்றால் பல புழுக்கள் சில செடிகளை மட்டுமே தின்னும்.

ஒருவர் ஒரு பெயர் சொல்வார். மற்றவர் அதை மறுப்பார். இறக்கைக் கோட்டையும் புள்ளியையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்வார்கள். படத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்ல முடியாத பூச்சிகளும் உண்டு. அப்போது 'தெரியவில்லை' என்றே எழுதி வைப்பார்கள். அதுவும் அறிவுதான்.

நண்பர்களே, எழுதக் கற்றுவிட்டோம். ஒரு நோட்டு எடுங்கள். வயலில் கண்டதை, விளக்கடியில் கண்டதை எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு எந்த மாதத்தில் எந்தப் பூச்சி வரும் என்று உங்கள் நோட்டே சொல்லும். பயிரைக் காக்க அதுவும் ஒரு கருவி.