மீன்கஞ்சிக் கடையும் 283ஆம் திரிபும்

2015இல் சிங்கப்பூர் மருத்துவமனைகளுக்கு வந்த சில நோயாளிகள் மருத்துவர்களைத் திகைக்க வைத்தார்கள். பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றால் பச்சிளங்குழந்தை, பிள்ளை பெற்ற தாய், நீரிழிவு முற்றிய முதியவர் என்றுதான் பாடநூல்கள் பட்டியலிட்டிருந்தன. இங்கோ அதே கிருமி, வேறு நோய் ஏதுமில்லாத பலரின் இரத்தத்திலும் இருந்தது. ஒருவருக்கு மூளையுறை அழற்சி, இன்னொருவருக்கு மூட்டில் சீழ், மற்றொருவருக்கு முதுகெலும்பில் தொற்று.

விசாரித்தபோது பலரும் சொன்ன உணவு ஒன்றுதான்: கடைகளில் கஞ்சியோடு பரிமாறப்படும் பச்சை மீன் துண்டுகள். பெருந்தலைக் கெண்டை, விரால் இனத்து 'தோமான்' போன்ற நன்னீர் மீன்கள் அவை. மரபணுவைப் படித்தபோது குற்றவாளி பிடிபட்டது. சர்க்கரை உறையால் மூன்றாம் வகை. மரபுவழியில் எஸ்டி-283 என்ற திரிபு. இக்கிருமி உணவின் வழியே பரவிப் பலரைத் தாக்கியதாகப் பதிவானது அதுவே முதல்முறை. அவ்வாண்டு டிசம்பரில் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறச் சிங்கப்பூர் அரசு தடை விதித்தது. பின்னர் தென்கிழக்காசியப் பண்ணைகளில் நோயுற்ற திலாப்பியா மீன்களிலும் அதே திரிபு கண்டறியப்பட்டது.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களை ஏ, பி என்று பிரிக்கும் முறையை 1933இல் வகுத்தவர் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வுக்கழகத்தில் பணியாற்றிய ரெபெக்கா லான்ஸ்பீல்டு. மாட்டின் மடிவீக்கத்துக்குக் காரணமாக அதற்கு முன்பே அறியப்பட்டிருந்த கிருமிதான் பி பிரிவு. அதன் சர்க்கரை உறையைக் கொண்டு இன்று பத்து வகைகள் பிரிக்கப்படுகின்றன. நம் உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள சியாலிக் அமிலத்தை அந்த உறையும் சூடியிருப்பதால் உடலின் காவல் ஏமாறுகிறது.

குழந்தைகளிடம் வகையின் முக்கியத்துவம் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. பிறந்த முதல் ஆறு நாளில் வரும் தொற்று பெரும்பாலும் பிறப்புப் பாதையில் ஒட்டிக்கொள்வது; இரத்தத்தையும் நுரையீரலையும் தாக்கும்; அதில் பல வகைகளுக்கும் பங்குண்டு. ஏழாம் நாள் முதல் மூன்று மாதம் வரை வருவது வேறு கதை. அங்கே மூளையுறை அழற்சி அதிகம். மூன்றாம் வகையின், குறிப்பாக எஸ்டி-17 திரிபின் கை ஓங்கியிருக்கிறது. எச்விஜிஏ எனும் அதன் மேற்பரப்புப் புரதம் குடலையும் இரத்த-மூளைத் தடுப்பையும் கடக்க உதவுகிறது என்று 2010இல் பாரிஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இந்த வேறுபாட்டின் விலை பெரிது. பிரசவ வலியின்போது தாய்க்குப் பென்சிலின் கொடுக்கும் முறையால் அமெரிக்காவில் முதல் வார நோய் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. பிந்தி வரும் நோயோ அப்படிக் குறையவில்லை. தாயின் எதிர்ப்பொருள் குழந்தையைக் காக்கும் என்பதற்கு 1976இலேயே ஆய்வாளர் கரோல் பேக்கரின் குழுவினர் சான்று தந்தார்கள். அவ்வழியில் ஆறு உறை வகைகளைக் குறிவைக்கும் தடுப்பூசி கர்ப்பிணிகளிடம் சோதிக்கப்பட்டுள்ளது. எந்த ஊரில் எந்த வகை திரிகிறது என்று தெரியாமல் அத்தகைய ஊசியின் பயனைக் கணிக்க இயலாது.

ஆகவே, இந்த அவையிலுள்ள ஆய்வுக்கூட மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'பி பிரிவு' என்று அறிக்கை எழுதியதோடு கிருமியை வீசிவிடாதீர்கள். அதைப் பாதுகாத்து, வகை பார்க்க அனுப்புங்கள்.