இல்லறத்தாரும் தியானமும்



தியானம் துறவிகளுக்கும் முதியோருக்குமே உரியதென்று நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். இவ்வெண்ணம் பிழையென்பதற்குப் பர்மா தேசத்தில் நல்ல சான்று உண்டு.

ஊ பா கின் என்பவர் துறவியல்லர். மனைவி மக்களோடு வாழ்ந்தவர். 1948ஆம் ஆண்டு பர்மா சுதந்திரமடைந்த நாளில் அந்நாட்டின் கணக்காளர் நாயகமானார். அவர் 1952இல் இரங்கூனில் ஒரு தியான நிலையம் அமைத்து, காரியாலயக் கடமைகளுக்கிடையே இல்லறத்தாருக்கு விபாசனா என்னும் பௌத்த தியானத்தைப் பயிற்றினார்.

1955இல் அங்கு சென்றவருள் ஒருவர் கோயங்கா என்னும் இந்து வணிகர். தீராத தலைவலி அவரை அங்கு செலுத்தியது. மதம் மாற்றிவிடுவார்களோ என்ற அச்சம் தடுத்தது. ஆசிரியரோ ஒழுக்கம், மனவொருமை, மெய்யறிவு என்னும் மூன்றையே கற்பிப்பதாகக் கூறினார். இம்மூன்றையும் வேண்டாமென்னும் சமயம் எது? பதினான்கு ஆண்டுகள் பயின்ற கோயங்கா, 1969இல் அப்பயிற்சியை இந்தியாவுக்குக் கொணர்ந்தார்.

பயிற்சி பத்து நாட்கள். அதிகாலை நான்கு மணிக்கு எழவேண்டும். பத்தாம் நாள்வரை மௌனம். முதலில் மூச்சின் போக்குவரவைக் கவனித்தல். பின்னர் உடலில் எழும் உணர்ச்சிகளை விருப்பு வெறுப்பின்றி நோக்குதல். கட்டணம் கிடையாது.

நமது நிலை என்ன? கூட்டுப் பிரார்த்தனையில் ஐந்து நிமிட மௌனத்திற்குள் எத்தனை முறை கடிகாரத்தைப் பார்க்கின்றோம்! உதடு பஞ்சாட்சரம் ஓத, மனம் சந்தையில் அலைகின்றது. நாம் நமது சமயத்தை விடவேண்டியதில்லை. அதில் அமரக் கற்கவேண்டும். நாளைக் காலை பத்து நிமிடம் அமர்ந்து பார்ப்போமாக.