காரணி மிகுந்த ஓர் எண்



எண் கோட்பாட்டுக் கருத்தரங்கின் தலைமையுரை ஓர் எண்ணைப் பற்றியே அமையட்டும் என்று முடிவு செய்தேன். 6746328388800 என்பது அந்த எண். ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடிக்கும் மேலே. 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் சீனிவாச இராமானுசன் எழுதிய நெடுங்கட்டுரையில், உயர் பகு எண்களின் அட்டவணை இந்த எண்ணோடு முடிகிறது.

தன்னைவிடச் சிறிய எண் ஒவ்வொன்றைக் காட்டிலும் அதிகக் காரணிகள் உடையதே உயர் பகு எண். 12க்கு ஆறு காரணிகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. நம் எண்ணுக்கோ 10080 காரணிகள். பகாக் காரணிப்படுத்தினால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23 என்று விரிகிறது. அடுக்குகளை வரிசையாகப் பாருங்கள்: 6, 4, 2, 2, பிறகு எல்லாம் 1. எங்கும் ஏற்றம் இல்லை. 23 வரையுள்ள பகா எண்களில் ஒன்றும் விடுபடவில்லை.

இது தற்செயல் அன்று. 2 × 3² என்றால் 18. அடுக்குகளை இடம் மாற்றி 2² × 3 என்றால் 12. இரண்டுக்கும் ஆறே காரணிகள், ஆனால் 12 சிறியது. ஆகவே 18 உயர் பகு எண் ஆக முடியாது. பெரிய பகா எண் பெரிய அடுக்கைப் பெற்றிருந்தால் இப்படி மாற்றிச் சிறிய எண்ணை எடுத்துவிடலாம் என்பதால், அடுக்குகள் எங்கும் ஏறவே முடியாது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 ஆகவே இருக்கும், 4, 36 ஆகிய இரண்டு மட்டுமே விலக்கு என்பதையும் இராமானுசன் நிறுவினார். ஒரே ஒரு வரையறை எண்ணின் முழு உடற்கூற்றையும் கட்டாயப்படுத்திவிடுகிறது!

ஒரு வகைப்பாட்டின் மதிப்பை நான் இதைக் கொண்டுதான் அளக்கிறேன். நம் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 63; எண் 63ஆல் மீதியின்றி வகுபடும். ஆகவே கப்ரேகர் வகுத்த ஹர்ஷத் எண்களிலும் இதற்கு இடமுண்டு. அழகான பண்புதான், ஆனால் பத்தடிமான எழுத்துமுறையைச் சார்ந்தது. காரணிகளின் எண்ணிக்கையோ எந்த அடிமானத்தில் எழுதினாலும் மாறாது. காரணிகள் அனைத்தின் கூடுதல் எண்ணைப்போல் ஏறத்தாழ 5.84 மடங்கு, ஆதலால் இது மிகை எண்ணும்கூட. ஆனால் இராமானுசன் தனியே பிரித்த மேல்நிலை உயர் பகு எண்களில் இது சேராது. இதன் மூன்றில் ஒரு பங்கான 2248776129600 அங்கே இருக்கிறது.

இளையவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 102 எண்கள் கொண்ட அந்த அட்டவணையில் 293318625600 விடுபட்டிருக்கிறது. அதை 23ஆல் பெருக்கினால் கிடைப்பது அட்டவணையின் இறுதி எண்ணேதான்! கணிப்பொறி இல்லாத காலத்தில் கையால் இவ்வளவு தூரம் போனவரின் மேதைமை இதனால் குறையாது. மூலநூலையும் கணக்கிட்டுச் சரிபார்த்தே படிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அந்தக் கட்டுரையில் கழகத்தின் பணமுடையால் அன்று அச்சேறாத பகுதி, கணிதவியலர்கள் நிக்கோலா, ராபின் ஆகியோரின் குறிப்புகளுடன் 1997இல்தான் வெளிவந்தது.

ஓர் எல்லைக்குள் உயர் பகு எண்கள் எத்தனை என்பதை எர்டோஷ் 1944இல் கீழிருந்து மதிப்பிட்டார். மேலிருந்து மதிப்பிட்டவர் நிக்கோலா. இரண்டுக்கும் இடையே இன்னும் இடைவெளி இருக்கிறது. முதல் அமர்வு அந்த இடைவெளியிலிருந்தே தொடங்கட்டும்.